காயாவின் அடிக்கட்டை

புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் குருசுக்குப்பத்தில் காயா கிடையாது. முளைக்க மண் வேண்டுமே. தெற்கே துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்களை 1980களின் கடைசியில் கட்டி முடித்த பிறகு, ஆண்டுதோறும் வடக்கு நோக்கி நகர்ந்துவந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் கரை கரைந்தது. கரைந்த இடத்தில் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். படகை இழுத்துப் போட்டு, வலையை உலர்த்தி, பிள்ளைகள் ஓடி விளையாடிய மணல்வெளி இப்போது பெரியவர்களின் பேச்சில்தான் இருக்கிறது. நிற்கிற பச்சை என்றால் வீட்டோரத்து வேம்பு, பூவரசு, முருங்கை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கல்வரிசையில் மோதிவரும் காற்று எங்கள் கூரைகளைக் கடந்து, முத்தியால்பேட்டையைக் கடந்து, வடமேற்கே இருக்கும் செம்மண் மேட்டில் ஏறுகிறது. காயா அங்கேதான் வளர்கிறது. அது வளர்வதில் அந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கரைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1200 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் ஆடி வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இப்படி ஆறு மாதம் காய்கிற நிலத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதுதான் உலக வழக்கம். செஞ்சிப் பக்கம் போனால் பங்குனியில் குன்றுகள் மொட்டையாகத்தான் நிற்கும். கடலை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் அப்படி நடப்பதில்லை. ஆந்திரக் கரையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும், கடலுக்கு அப்பால் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், தடித்த பளபளப்பான இலைகளோடு, அதிக உயரம் இல்லாமல், ஒன்றோடொன்று நெருக்கியடித்து ஆண்டு முழுக்கப் பச்சையாக ஒரு காடு நிற்கிறது. நின்றது என்பதே பொருத்தம், மிச்சம் இருப்பவை துண்டுகள். உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். இந்தப் புதிரை விடுவிக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் மெஹர்-ஹோம்ஜி முக்கியமானவர். அவர் வேலை பார்த்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியின் செயின்ட் லூயி தெருவில் 1955இலிருந்து இருக்கிறது, குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமாக நடந்தே போய்விடலாம். கடலோரக் காற்றின் ஈரம், இரவுப் பனி, வாடைமழையை ஆழத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் செம்மண், கோடையில் எப்போதாவது விழும் ஒரு மழை: இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பச்சையைக் காப்பாற்றுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

அந்தக் காட்டின் முதன்மையான குடிகளில் ஒன்று காயா. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் காசா என்பார்கள். மெமிசிலான் அம்பெல்லேட்டம் என்பது அறிவியல் பெயர்.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய செடி இது. இலைகள் எதிரெதிராக இணைசேர்ந்து நிற்கும். மேற்புறம் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். நடு நரம்பைத் தவிர மற்றவை கண்ணுக்கே தெரியாது. மடித்தால் படக்கென்று உடையும், அவ்வளவு தடிப்பு. மாசி, பங்குனி வாக்கில் இலைக்கு வெளியே தேடாமல் இலைக்குக் கீழே, இலை பழுத்து உதிர்ந்துபோன பழைய கிளைகளின் கணுக்களைப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவு மொட்டுகள் அங்கே கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும். பூத்தால் ஒவ்வொன்றும் நான்கே இதழ், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இதழைவிட நீண்டு வெளியே நிற்கும் மகரந்தத் தாள்களும் அதே நிறம். நீலம் என்றால் போதாது, ஊதா என்றாலும் போதாது. மயிலின் கழுத்து வெயிலில் திரும்பும்போது ஒரு கணம் தெரிகிற நிறம் என்று பழைய புலவர்கள் அதைப் பிடித்திருக்கிறார்கள், அதைத் தாண்டிச் சொல்ல எனக்கு வழியில்லை. பூப்பு நெடுநாள் நிற்காது. கிளை முழுவதும் நீலமாகி, தேனீக்கள் இரைந்து, சீக்கிரமே தரையெல்லாம் நீலத்தூளாக உதிர்ந்துவிடும். பிறகு மிளகைவிடப் பெரிய உருண்டைக் காய்கள், தலையில் சிறு வளையத்தோடு. மஞ்சள், சிவப்பு என்று மாறிக் கருத்துப் பழுக்கும். துவர்ப்பும் இனிப்புமாக இருக்கும், சிறுபிள்ளைகளும் கொண்டைக்குருவிகளும் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

உலர்த்தி ஒட்டிய தாவரத் தாளில் இந்த நீலம் தங்குவதில்லை. இலையும் மஞ்சள்பச்சையாக மாறிவிடும். அதற்குக் காரணம் அந்த இலை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் அலுமினியம். செம்மண் மேட்டில் மற்ற செடிகளுக்கு நஞ்சாகக்கூடிய அந்த உலோகத்தைக் காயா தன் இலையில் அடைத்து வைத்துக்கொள்கிறது. நம் சாயக்காரர்களுக்கு அந்த வேதியியல் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் பயன் தெரிந்திருந்தது. நூலில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுவார்கள், படிகாரமும் அலுமினிய உப்புதான். படிகாரத்துக்குப் பதில் காயா இலையை இடித்துப் போட்டால் அதே வேலை நடந்தது. கோரைப்பாய்க்குக் கடுக்காய், பதிமுகம் இவற்றோடு காயா இலை சேர்த்துச் சிவப்பு ஏற்றியிருக்கிறார்கள். தனியே போட்டால் இளமஞ்சள். சோழமண்டலக் கரையின் பேர்போன சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. சாயவேர் கடலோர மணலில் தோண்டி எடுத்தது, காயா இலை மேட்டுக் காட்டிலிருந்து வந்தது. குப்பத்து மணலும் செம்மண் மேடும் ஒரே சாயத்தொட்டியில் கலந்த காலம் ஒன்று இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு இந்த ஊர்மீதே மரியாதை கூடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. தேவை போனபின் காயா விறகாக மட்டும் மிஞ்சியது.

விறகு என்ற வகையில் அதற்கு ஈடில்லை என்பார்கள். கட்டை அவ்வளவு கெட்டி, நின்று எரியும். மண்வெட்டிக் காம்புக்கும் பந்தக்காலுக்கும் ஊன்றுகோலுக்கும் அதையே தேடுவார்கள். வெட்டினால் சாவதில்லை, அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு குச்சிகளாகத் துளிர்க்கும். நான்கைந்து வருடம் கழித்து அவையும் கட்டைவிரல் தடிமன் வந்தவுடன் மறுபடி அரிவாள். நடுவில் ஆடு. இப்படி எத்தனை தலைமுறை! கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஏரிக்கரைகளிலும் முந்திரித்தோப்பு வரப்புகளிலும் இடுப்பளவுக்கு நிற்கும் காசாப் புதர்களைப் பார்க்கிறவர்களுக்கு அது புதர்ச்செடி என்றே தோன்றும். தாவர நூல்கள்கூடச் செடி அல்லது சிறுமரம் என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கின்றன.

அது மரம் என்பதைப் புத்துப்பட்டில் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து வடக்கே, கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம், காலாப்பட்டு என்று தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மாறி மாறி எல்லை தாண்டிப் போனால் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டரில் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோவிலும் அதைச் சுற்றிய காடும் அங்கே இருக்கின்றன. குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, பொங்கல் என்று எங்கள் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துப் போவதுண்டு. அந்தக் காட்டில் காயா என் தலைக்கு மேல் இரண்டு மூன்று ஆள் உயரத்தில் நிற்கிறது. அடிமரம் வரிவரியாக வெடித்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. மேலே கூரை வேய்ந்ததுபோல் இலை. வைகாசி வெயிலில் சாலையிலிருந்து உள்ளே நாலடி வைத்தால் உடம்பு குளிர்ச்சியை உணர்கிறது. கூடவே வீரை, இரும்பிலி, உலக்கைப்பாலை, நாவல், காட்டு எலுமிச்சை, அவற்றின்மேல் ஏறிப் பின்னிய கொடிகள். காயாதான் அங்கே எண்ணிக்கையில் முந்தி நிற்கும் மரங்களில் ஒன்று. புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தக் காட்டை மரம் மரமாக அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒருமுறை உறவினர் வீட்டு மொட்டைக்குப் போயிருந்தபோது எங்களோடு வந்த பையன் ஒருவன் நீலப்பூ இருந்த கிளையை வளைத்தான். பொங்கல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்திருக்காமலே, "ஒடிக்காத கண்ணு, அய்யனாரு குதிரைய கட்டுற மரம் அது" என்றார். பையன் கையை எடுத்துவிட்டான். அந்தக் காட்டின் சட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. விழுந்த சுள்ளியைக் கோவில் வளாகத்திலேயே பொங்கல் வைக்க எரிக்கலாம், பச்சைக் கிளையை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனவன் என்ன ஆனான் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை இருக்கும். வனத்துறைக்கு முன்பும், பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பும் இந்தத் துண்டுகளைக் காத்தவர்கள் இப்படிப்பட்ட பாட்டிகளும் அவர்கள் நம்பிய குதிரைக்காரரும்தான்.

ஆக, சாலையோரத்து இடுப்பளவுப் புதரும் அய்யனார் கோவிலின் கூரையும் ஒரே உயிர். அரிவாள் படாத இடத்தில் மரம், பட்ட இடத்தில் புதர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மூர் எனப்படும் மேட்டு வெளிகளில் ஹெதர் என்ற பசுமைமாறாக் குறுஞ்செடி மைல்கணக்கில் பரவி, ஆகஸ்ட் மாதத்தில் மலைச்சரிவு முழுவதையும் ஊதாவாக்கும். அந்த நாட்டுக் கவிதையும் நாவலும் அதைத் தங்கள் மண்ணின் ஆதி முகமாகக் கொண்டாடுகின்றன. ஆனால் அங்கே கரிச்சேற்றில் புதைந்திருக்கும் பழைய மகரந்தத் தூள்களை எடுத்துப் பார்த்தவர்கள், மூர்களில் பெரும்பகுதி ஒருகாலத்தில் மரங்கள் நின்ற இடம் என்று கண்டார்கள். காட்டை வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், வேட்டைப் பறவைகளுக்காக முறைவைத்துத் தீ மூட்டி ஹெதரைக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். ஏக்கம் தரும் அந்த வெளியும் மனிதக் கை உண்டாக்கிய வடிவம். அந்த ஏக்கத்தை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கும் எடுத்து வந்தார்கள். உதகைக்கு மேற்கே இருந்த புல்வெளிகள் தங்கள் ஊர் மேடுகளைப்போல் இருந்ததால் வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் வைத்தார்கள், தங்கள் ஊரின் மஞ்சள்பூ முட்செடியான கோர்ஸையும், கூடவே ஸ்காட்ச் புரூமையும் நட்டார்கள். அவை இரண்டும் இன்று நீலகிரிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு நிலத்தின் செடியை ஏக்கத்தின் பேரில் இன்னொரு நிலத்தில் நட்டதற்கு அந்த மலை இன்னமும் விலை கொடுக்கிறது.

நம்முடைய மூர் எது என்று கேட்டால், முல்லை நிலம் என்று சொல்வேன். சங்கப் பாட்டுகளில் கொன்றையோடும் தோன்றியோடும் காயா பூக்கிற இடமெல்லாம் ஆயர்களும் மாடும் ஆடும் இருக்கிற இடம். முல்லைப்பாட்டில் அதன் பூ கண்ணுக்கிடும் மையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தேர்ப்பாதையில் போகிற தலைவன் தேரிலிருந்தபடியே அந்தப் பூவைப் பார்க்கிறான் என்றால் அது தலைக்கு மேல் கூரையாக நின்றிருக்காது, மேய்ச்சலில் குட்டையாகி வழியோரத்தில் நின்றிருக்கும் என்பது என் ஊகம். அப்படியென்றால் இரண்டாயிரம் வருடமாக இந்தச் செடி நம் ஆட்டுக்கும் அரிவாளுக்கும் ஈடு கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புறத்திணையில் பூவைநிலை என்று ஒரு துறையே உண்டு. பூவை என்பதும் காயாவின் பெயர்தான். காட்டில் பூத்து நிற்கும் அந்தப் பூவைக் கண்டவன், இது மாயோனின் நிறம் என்று சொல்லிப் புகழ்வது அந்தத் துறை. உரையாசிரியர்கள் அதை அரசனைத் தெய்வத்தோடு ஒப்பிடும் துறையாக விரித்தார்கள், அது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வரிசை. முதலில் காடு, அதில் ஒரு செடி, செடியில் ஒரு பூ, அந்தப் பூவை வழிப்போக்கன் கண்ணால் காண்கிறான், பிறகுதான் தெய்வத்தின் நினைவு வருகிறது. ஆழ்வார்கள் பாடிய காலத்திலும் அந்த வரிசை குலையவில்லை என்றே நம்புகிறேன், பாடியவர்கள் பூவைக் கண்டவர்கள். இன்று காயாம்பூ வண்ணன் என்று தினமும் சொல்கிற வாய்கள் ஆயிரமாயிரம். கோவிலுக்குப் போகிற வழியில் அந்தப் பூ நின்றாலும் அடையாளம் தெரியாமல் கடந்துவிடுகிறோம். செடி போனபின் நிறம் மட்டும் சொல்லாக நிற்பது பெரிய இழப்பு. அந்த இழப்பு முழுமையாகிவிடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் அடிக்கட்டைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு காசாப் புதரைக் கையால் விலக்கி அடியைப் பாருங்கள். மேலே இருக்கும் குச்சிகளுக்கு மூன்று வயதோ நான்கு வயதோ இருக்கும். கீழே மண்ணோடு மண்ணாக, முடிச்சு முடிச்சாக, வெட்டின் மேல் வெட்டு ஆறிப்போய் ஒரு கட்டை தெரியும். அதன் வயது அந்த வரப்பின் வயதாகவும் இருக்கலாம். அதன் வேர் செம்மண்ணில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, நாம் நர்சரியில் பாலித்தீன் பையில் வளர்த்து நடும் எந்தக் கன்றுக்கும் அந்த ஆழம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். காயா மெதுவாக வளரும் இனம். வேர் தயாராக இருக்கிற இடத்தில் அரிவாளையும் ஆட்டையும் விலக்கிவிட்டால் அது தானே மரமாகும்.

ஆரோவில்லின் அனுபவம் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து சான்று சொல்கிறது. 1968இல் அந்த நகரம் இதே செம்மண் மேட்டில் தொடங்கியபோது மேடு வெட்டவெளியாக, மழைக்காலத்தில் செந்நீர் ஓடைகளாகக் கடலில் இறங்கி நீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. பொம்மையார்பாளையத்துக்கு அருகே மண் அரித்த பள்ளத்தாக்குகளை இன்றும் பார்க்கலாம். அங்கே வந்தவர்கள் வரப்பு போட்டு, நீரைத் தேக்கி, முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் கோவில் காடுகளிலிருந்து விதை எடுத்துவந்து வீரையையும் இரும்பிலியையும் காயாவையும் மீண்டும் வைத்தார்கள். அரை நூற்றாண்டு உழைப்பு அது, தலைவணங்குகிறேன். அந்த விதை வருவதற்குப் புத்துப்பட்டு போன்ற இடங்கள் மிஞ்சியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்தபோது அந்த அகேசியாக்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கெட்டிக்கட்டையும் குள்ள உருவமும் கொண்ட நம் மரங்களுக்கு இந்தக் கரையின் காற்று புதிதல்ல.

அப்படியிருந்தும் நாம் செய்வது என்ன? மரம் நடுவிழா என்று ஒரு நாள் குறிக்கிறோம். அதற்கு முந்தின நாள் ஜேசிபி வந்து "முட்புதர்" அகற்றுகிறது. ஏரியைத் தூர்வாரும்போது கரை முழுக்கச் சுரண்டப்படுகிறது. 2017இல் சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது பல ஊர்களில் இயந்திரம் இறங்கியது. இயந்திரத்துக்குச் சீமைக்கருவேலமும் சூரையும் களாவும் காசாவும் ஒன்றுதான், எல்லாம் பச்சை, எல்லாம் புதர். அடிக்கட்டையோடு பெயர்த்தெடுத்த குழியில், மறுநாள் மேடைக்கு வந்தவர்கள் தூங்குமூஞ்சிக் கன்றை நட்டு நீர் ஊற்றுகிறார்கள். பாதிக்கு மேல் அடுத்த சித்திரையைப் பார்ப்பதில்லை. பிழைத்தவை அடுத்த புயலில் சாயும். நல்லெண்ணத்தோடு நடக்கும் அழிவு என்பதால் இதைத் தட்டிக்கேட்க ஆளில்லை. வெட்டுகிறவனைத் தடுக்க அய்யனார் இருக்கிறார், நடுகிறவனைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

புத்துப்பட்டும் பத்திரமாக இல்லை. சாலை பெருகி, வாகனங்கள் காட்டுக்குள்ளேயே நிற்கின்றன. மரத்தடிகளில் அடுப்புக் கரி, பிளாஸ்டிக் தட்டு. கன்று முளைக்க வேண்டிய மண் காலடி பட்டுத் தரையாக இறுகிக் கிடக்கிறது. முதிர்ந்த மரங்களுக்குக் கீழே இளங்காயாவைத் தேட வேண்டியிருக்கிறது. குப்பத்திலிருந்து போகிற நாம்தான் அந்தக் கூட்டம். வேனைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு நடந்து போவதும், பொங்கல் அடுப்பை மரத்தடியிலிருந்து தள்ளி வைப்பதும், கொண்டுபோன தட்டைத் திரும்ப எடுத்துவருவதும் நம்மால் முடியாத காரியங்கள் அல்ல.

மேட்டில் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்தின் காட்டு மூலைகள், கோரிமேடு தொடங்கி வானூர் வரைக்கும் உள்ள ஏரிக்கரைகள், கோவில் நிலங்கள், முந்திரித்தோப்பு வரப்புகள்: இங்கெல்லாம் எந்தப் பணிக்கு இயந்திரம் வருவதானாலும், வருவதற்கு முன்னால் ஆடு மேய்க்கிற ஒருவரையும் தாவரம் படித்த ஒருவரையும் சேர்த்து ஒரு நாள் நடக்கவிட வேண்டும். காசா, வீரை, இரும்பிலி, களா எவையெவை என்று அவர்கள் காட்டட்டும். காட்டிய அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் ஓட்டுநர் ஒதுங்கிப் போவார். சுண்ணாம்பு அடித்த கட்டைகளில் ஏழெட்டுக் குச்சிகள் இருந்தால் நேரான இரண்டை விட்டுவிட்டு மற்றதை விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஊருக்கு விறகும் ஆயிற்று. விட்ட இரண்டையும் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை சூரை முள்ளைப் போட்டு மறைத்தால் போதும்.